கோட்டுக்குக் கீழே இருந்தது

ரெஜிஸ்ட்ரி அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது, அவர் அலுவலக நடைவழியில் மண்டியிட்டு அமர்ந்திருந்த ஒரு திங்கட்கிழமைக் காலைதான். ஓரங்களில் துளையிட்ட அச்சுக் காகிதம் கிழியாமல் மடிப்பு மடிப்பாக நீண்டு, ஸ்டோர் கதவு வரை பாய்போல விரிந்து கிடந்தது. அக்கா சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் பெரிய கத்தரிக்கோலோடு, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுப் படித்தபடி முழங்காலால் நகர்ந்துகொண்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நான். அந்தக் காகிதத்தை மிதிக்காமல் எப்படித் தாண்டிப் போவதென்று தெரியாமல் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “சுவத்த ஒட்டி வா தம்பி. மிதிச்சிடாத, இன்னும் வெட்டல” என்றார்.

எண்பதுகளின் பின்பகுதி அது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணியிலிருந்து மெர்போக் போகும் பாதையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த ஒரு சிறிய பயிர் ஆய்வு நிலையம். அதன் பெயர் இங்கே வேண்டாம். நாட்டில் எங்களைப்போல வேறு சில நிலையங்களும் இருந்தன. எல்லா நிலையங்களும் தங்கள் செய்திகளைத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கோலாலம்பூரிலிருந்த தலைமை அலுவலகத்துக் கணினிக்கு அனுப்பும். அந்தக் கணினி ஒரு வாரத்துச் செய்திகள் அத்தனையையும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோத்து, ஒரே நீண்ட மடலாக்கி, திங்கள் காலையில் எல்லோருக்கும் திருப்பி அனுப்பும். டைஜஸ்ட் என்று சொல்வோம். முப்பது நாற்பது கடிதங்கள் அதில் இருக்கும். ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு, அதாவது வரிசையாகச் சிறு கோடுகள், அவ்வளவுதான் பிரிவு. அதை அச்செடுத்து, எந்தக் கடிதம் எந்த அதிகாரிக்கு என்று படித்துப் பார்த்து, வெட்டி, அவரவர் தட்டில் வைத்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது, கடிதப் பதிவுப் பிரிவான ரெஜிஸ்ட்ரியில், அக்காவின் வேலை. பிற்பகல் ஆகிவிடும்.

அக்காவுக்கு அப்போது நாற்பது வயது இருக்கலாம். பாடாங் செராய்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் அவருடைய கணவர் மண்டோராக, அதாவது கங்காணியாக, இருந்தார். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் ஒரே மகள். நானும் அதே பக்கத்துக்காரன். என் அப்பா ரப்பர் பாலெடுக்கப் பால்மரம் வெட்டியவர். அது தெரிந்த நாள் முதல் அக்கா எனக்கும் சேர்த்து நாசி லெமாக் பொட்டலம் வாங்கி வருவார். எனக்கு இருபத்துமூன்று வயது. பட்டணத்தில் ஒரு கல்லூரியில் கணினி படித்துவிட்டு, ஓராண்டு ஒப்பந்தத்தில் அங்கே சேர்ந்திருந்தேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடும் அந்த ஒற்றைக் கணினியில் அச்செடுப்பதற்கு மேல் எதையும் தொட அந்த நிலையத்தில் என்னைத் தவிர எவருக்கும் தைரியம் இல்லை. அந்த வயதில் அது ஒருவனை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அக்கா முழங்காலால் நகர்வதை இரண்டு மாதம் பார்த்த பிறகு நான் ஒரு நிரல் எழுத உட்கார்ந்தேன். அவர்மேல் இரக்கப்பட்டு எழுதியதாகத்தான் எல்லோரிடமும் சொன்னேன். நிலையத் தலைவர் என்னைக் கவனிக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. கட்டளை வரியில் ஒரு சொல்லையும் டைஜஸ்ட் கோப்பின் பெயரையும் தட்டினால் போதும். நிரல் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டு போகும். கோடு வரும் இடத்தில் வெட்டும். வெட்டிய ஒவ்வொன்றையும் தனிக் கடிதமாக எண்ணிட்டு வைக்கும். யாருக்கு என்று பார்த்துத் தனித்தனியாக அச்சடிக்கும். அந்தச் சொல்லுக்குப் பொத்தோங் என்று பெயர் வைத்தேன். மலாயில் வெட்டு என்று பொருள். அக்கா கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். “பால்மரத்துக்கும் பொத்தோங்தான், பேப்பருக்கும் பொத்தோங்தானா? ஒங்கப்பன் மாதிரியே நீயும் வெட்டறவன்தான் போ.”

எழுதிக்கொண்டிருந்த நாள்களில் ஒருமுறை அவர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னதை இப்போதும் சொல்லுக்குச் சொல் சொல்ல முடியும். “கோட்டப் பாத்தவொடன வெட்டிடாத தம்பி. சில பேரு நடுவுல சும்மாவே கோடு போடுவாங்க. கோட்டுக்குக் கீழ ‘ஃப்ரம்’னு பேரு இருக்கான்னு பாரு. இல்லன்னா அது மேல உள்ளதோட சேர்த்திலா.”

சரிக்கா என்றேன். அவர் சொன்னதில் பாதியை எடுத்துக்கொண்டேன். கோட்டுக்குக் கீழே அனுப்புநர் பெயர் இருக்கிறதா என்று நிரல் பார்க்கத்தான் செய்தது. ஆனால் பெயர் இல்லாத துண்டை மேலுள்ள கடிதத்தோடு சேர்க்கவில்லை, குப்பை என்று தள்ளிவிட்டது. ஒவ்வொரு டைஜஸ்டின் முடிவிலும் ‘இத்துடன் முடிந்தது’ என்பதுபோல ஒரு வால் வரும். அதற்கு அனுப்புநர் கிடையாது. அந்த வாலை அறுக்க எனக்கு அதுதான் சுலபமான வழியாக இருந்தது. நான்கு வாரத்து டைஜஸ்டுகளை வைத்துச் சோதித்தேன். எல்லாம் சரியாக வந்தது. வெட்டப்பட்டவற்றை எண்ணிப் பார்த்தேன். தள்ளப்பட்டவற்றைத் திறந்து பார்க்கவில்லை.

பிற்பகல் வரை நீண்ட வேலை கால் மணி நேரமாகச் சுருங்கியது. நிலையத் தலைவர் என் தோளைத் தட்டினார். தலைமை அலுவலகத்துக்கும் எழுதினார். அவர்கள் நிரலின் பிரதி ஒன்றைக் கேட்டார்கள், எல்லா நிலையங்களுக்கும் அனுப்பலாம் என்று. அப்பா அதை எஸ்டேட் கோயிலடியில் யார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததாக அம்மா சொன்னாள். அக்கா கத்தரிக்கோலை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு, இயந்திரம் அச்சடித்துத் தரும் கடிதங்களை வாங்கித் தட்டுகளில் வைத்து, முன்போலவே பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று நான்கு மாதம் கழித்து எங்கள் நாற்றுப் பண்ணையிலிருந்து மெர்போக் சுற்றுவட்டாரச் சிறுதோட்டக்காரர்களுக்கு ரப்பர் ஒட்டுக்கன்றுகள் கொடுத்தார்கள். தெற்கிலிருந்த ஒரு நிலையம் அனுப்பிய புதிய இனம். மூன்றே மாதத்தில் இலைகள் கருகி உதிரத் தொடங்கின. ஒரு தோட்டத்தில் தொடங்கி, பக்கத்துத் தோட்டத்தின் பழைய மரங்களுக்கும் பரவியது. கன்றுகளைப் பிடுங்கி எரிக்கச் சொல்லி எங்கள் ஆள்களையே அனுப்பினார்கள். நானும் ஒரு நாள் பட்டியல் எழுதப் போனேன். எஸ்டேட்டில் காலமெல்லாம் உழைத்துவிட்டு மூன்று ஏக்கர் வாங்கிய தமிழர் ஒருவர், தான் நட்ட கன்றுகளைத் தானே பிடுங்கிக் குவித்துவிட்டு, “கவர்மெண்டு கண்ணுன்னுதானய்யா நம்பி வச்சேன்” என்று என்னிடம் சொன்னார். எனக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறதென்று அப்போது தெரியாது. தலையாட்டிவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டேன்.

தெற்கு நிலையத்தார் கையை விரித்தார்கள். கன்றுகளை அனுப்பியபின் தாய்மரத்தில் நோய் கண்டதாகவும், ஆய்வு முடியும்வரை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று அதே வாரத்து டைஜஸ்டில் எழுதிவிட்டதாகவும் சொன்னார்கள். தலைமை அலுவலகம் அந்தக் கடிதத்தின் பிரதியை அனுப்பியது. இரண்டு பக்கம். எங்கள் நாற்றுப் பண்ணை அதிகாரியின் கோப்பில் ஒரு பக்கம்தான் இருந்தது. அதில் கன்றுகளின் எண்ணிக்கையும் நடவேண்டிய இடைவெளியும் இருந்தன. எச்சரிக்கை முழுவதும் இரண்டாம் பக்கத்தில். பதிவேட்டில் அந்தத் தேதியில் ‘பெறப்பட்டது, வழங்கப்பட்டது’ என்று எழுதி அக்காவின் கையெழுத்து இருந்தது. இரண்டாம் பக்கத்தை அவர்தான் தவறவிட்டிருக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே நாளில் முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

அன்று மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபின் நான் கணினி அறைக்குள் போனேன். வந்த டைஜஸ்டுகளை வெட்டுவதற்கு முன்பிருந்த வடிவிலேயே ஓராண்டுக்கு வைத்திருப்போம். அந்த வாரத்துக் கோப்பைத் திறந்தேன். தெற்கு நிலையத்துக் கடிதத்தைக் கண்டுபிடிக்க நேரமாகவில்லை. முதல் பகுதி முடிந்த இடத்தில், கடிதத்தை எழுதியவர் அழகுக்காகக் குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தார். அதன் கீழே ‘முக்கியக் குறிப்பு’ என்ற தலைப்பு. அனுப்புநர் பெயர் இல்லை. என் நிரல் அதைக் குப்பையில் போட்டிருந்தது.

பக்கத்து அறையில் அக்கா அலமாரிகளைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்னால் காகிதம் எதுவும் விழுந்திருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார். இரும்பு அலமாரி சிமெண்டுத் தரையில் கிரீச்சிடும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. அவர் சாப்பிடப் போயிருக்கவில்லை. எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய நேரம் அதுதான். நான் எழவில்லை. நிரலைத் திறந்தேன். இரண்டு வரி சேர்த்தேன். பெயர் இல்லாத துண்டு இனி மேலுள்ள கடிதத்தோடு சேரும். அக்கா ஆரம்பத்திலேயே சொன்னது அதுதான். திருத்த எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு, வட்டில் இடம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, அந்த ஆண்டின் பழைய டைஜஸ்டுகள் எல்லாவற்றையும் அழித்தேன். அதையும் செய்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.

ஏன் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். ஒப்பந்தம் முடிய ஐந்து வாரம் இருந்தது. நிரந்தரமாக்கும் கடிதம் தலைவரின் மேசையில் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். நிரல் வேறு நிலையங்களுக்கும் போய்விட்டிருந்தது. அங்கெல்லாம் எத்தனை கடிதங்கள் பாதியில் அறுந்தன என்று யாராவது கேட்டால்? திருத்திய நிரலை அன்று மாலையே, வேகம் கூட்டியிருக்கிறேன் என்று பொய்க் காரணம் சொல்லி எல்லோருக்கும் அனுப்பினேன். பயம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டால் ஓரளவு ஆறுதலாக இருக்கும். பயம் மட்டும் என்றால் நான் தடுமாறியிருப்பேன். அன்று நான் தடுமாறவே இல்லை. ஒவ்வொன்றையும் நிதானமாக, வரிசை தவறாமல் செய்தேன்.

இரண்டு நாள் கழித்து தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். நிலையத் தலைவரின் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள் இருவரும், இந்தப் பக்கம் நாற்காலியில் அக்காவும். நான் கதவோரம் நின்றேன். மலாயில்தான் பேச்சு, ஐயாவுக்குப் பதில் துவான். அக்கா திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார், தன் கைக்கு ஒரு தாள்தான் வந்தது என்று. வந்தவர் நியாயமான மனிதர். என் பக்கம் திரும்பி, இயந்திரம் ஒரு கடிதத்தின் பாதியை விட்டுவிட வாய்ப்பு இருக்கிறதா என்று கேட்டார். இவ்வளவு நேரடியாக ஒரு கதவு எனக்காகத் திறக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“இல்லை துவான், இயந்திரம் அப்படிச் செய்யாது” என்றேன்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால் எனக்கு இன்று இவ்வளவு வலிக்காது. என்னைவிட அந்த இயந்திரத்தை அறிந்தவர் யாருமில்லை என்று அவர் நம்பினார். ஒரு நிமிடம் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மலாயில் மெதுவாகச் சொன்னார்: “அப்படியென்றால் நான்தான் எங்கேயோ விட்டிருப்பேன், துவான்.”

பெண்டாங்கில் எங்களுக்கு ஒரு துணை அலுவலகம் இருந்தது. வயல்களுக்கு நடுவே இரண்டு அறை. அக்காவை அங்கே மாற்றினார்கள். அவருக்கு அந்த ஆண்டு வரவேண்டிய பதவி உயர்வும் நின்றது. பாடாங் செராயிலிருந்து அங்கே தினமும் போய்வர முடியாது. ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கி, வாரக்கடைசியில் மட்டும் மூன்று பேருந்து மாறி வீட்டுக்கு வந்தார். மகளுக்கு அது தேர்வு ஆண்டு. போகிற அன்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக என்னிடம் வந்தார். “நீ நல்லா வருவ தம்பி. எனக்காக மெஷின விட்டுக்குடுத்துப் பொய் சொல்லாம இருந்தியே, அதான் சரி” என்றார். நான் குனிந்து அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை நடந்தேன். வழியில் சொல்லியிருக்கலாம். வழி நீளமாகத்தான் இருந்தது.

என் வேலை நிரந்தரமாயிற்று. ஏறக்குறைய இரண்டு ஆண்டு கழித்து, பெண்டாங் அலுவலகத்துக்கும் ஒரு கணினி வந்தபோது, அதைப் பொருத்திக் கொடுக்க என்னைத்தான் அனுப்பினார்கள். நானாக அவரைத் தேடிப் போகவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். அலுவலக வேலையாகப் போனேன்.

அக்கா இளைத்திருந்தார். தபாலில் வந்த தாள்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒருமுறை எண்ணி, புரட்டிப்போட்டு மறுபடி எண்ணி, மூன்றாம் முறையும் எண்ணி, ஒவ்வொன்றின் மூலையிலும் பென்சிலால் எண் போட்டார். நான் கம்பிகளை மாட்டிக்கொண்டே பார்த்தேன். நான் பார்ப்பதைக் கண்டு அவர் சிரித்தார்.

“இப்பல்லாம் மூணு தடவ எண்ணாம எதையும் கைய விட்டு விடறதில்ல. என்னா செய்றது, ஒருக்கா தொலச்சவதானே. அடுப்ப அணைச்சேனான்னு சந்தேகம் வந்து பாதி வழியில பஸ்ஸ விட்டு எறங்கியிருக்கேன், தெரியுமா? மக இருக்காளே, அவ பொறந்த சூராட்டு, ஸ்கூல் சூராட்டுன்னு சர்டிபிகேட்டு எல்லாத்தையும் அவங்க அப்பாகிட்ட குடுத்து வச்சிட்டா. அம்மாகிட்ட குடுக்காதீங்கப்பா, தொலச்சிரும்னு. வெளையாட்டுக்குத்தான் சொல்றா. ஆனா குடுக்க மாட்டேங்குறா.”

அவருக்கு வேலையிலும் வீட்டிலும் நேர்ந்ததை நான் அறிவேன். தன்மேல் அவருக்கு இருந்த நம்பிக்கையையும் எடுத்துவிட்டிருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது. கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தேன்.

“அக்கா, நீங்க தொலைக்கல” என்றேன்.

“என்னா?”

“அந்த ரெண்டாவது பேப்பரு. உங்க கைக்கு அது வரவே இல்ல. என்னோட பொத்தோங்தான் வெட்டிப் போட்டுருச்சு. நடுவுல ஒரு கோடு இருந்துச்சு. கீழ ஃப்ரம் இல்ல. நீங்க அப்பவே சொன்னீங்க, நான்தான் சரியா எழுதல.”

மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. எண்ணி வைத்த தாள்கள் பறக்காமலிருக்க அவற்றின்மேல் அவருடைய உள்ளங்கை இருந்தது.

“எப்பத் தெரியும் ஒனக்கு?”

பொய் சொல்ல அப்போதும் ஒரு வழி இருந்தது. போன மாதம்தான் கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். “அன்னிக்கே தெரியும்க்கா. விசாரணைக்கு ரெண்டு நாளு முன்னாடி. நீங்க அலமாரிய நவுத்திக்கிட்டு இருந்தீங்க” என்றேன்.

அவர் அழவில்லை, திட்டவும் இல்லை. “நான் தொலைக்கல” என்று ஒருமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். இன்னொருமுறை, சற்று உரக்கச் சொன்னார். பிறகு இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

“எழுது.”

நான் உட்கார்ந்து, தலைமை அலுவலகத்தின் பெயரை மலாயில் எழுத ஆரம்பித்தேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு அந்தத் தாளை உருவிக்கொண்டு வேறொன்றை வைத்தார்.

“மலாய்ல வேணாம். தமிழ்ல எழுது. எங்க வீட்டுக்காரருக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும். எம் மகளும் படிக்கணும்.”

எழுதினேன். தவறு என்னுடையது, தெரிந்தும் மறைத்தேன், அவர் எதையும் தொலைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாங்கி, முன்பு டைஜஸ்டைப் படிப்பதுபோலவே ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுப் படித்தார். நான்காக மடித்துப் பணப்பைக்குள், அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்தார். “வேலைய முடிச்சிட்டுக் கெளம்பு. அஞ்சு மணிக்கு விட்டா பஸ் இல்ல” என்றார். அந்தத் தாளை என்ன செய்யப்போகிறார் என்று நான் கேட்கவில்லை.

அதன்பின் அவரை நான் பார்க்கவில்லை. ஓய்வு பெறும் வரை பெண்டாங்கிலேயே இருந்தார் என்று கேள்விப்பட்டேன். இப்போது நானும் ஓய்வு பெற்று, சுங்கை பட்டாணியில் மகன் வீட்டில் இருக்கிறேன். கடிதங்கள் தனித்தனியாகக் கைப்பேசிக்கு வந்து விழுகின்றன, யாரும் எதையும் வெட்ட வேண்டியதில்லை. பழைய சகாக்கள் ஒன்றுகூடும்போது, கெடாவில் கணினி வந்த காலத்து முன்னோடி என்று இன்னமும் என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். பொத்தோங் நிரலைப் பற்றி யாராவது இரண்டு வார்த்தை சொல்வார்கள். நான் மறுப்பதில்லை.

தப்பு செய்ததை ஒரு நாள் சொல்லிவிட்டேன் என்று இத்தனை ஆண்டும் என்னைத் தேற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். அதனால் அன்று மாலை நடந்ததையும் எழுதிவிட வேண்டும். பெண்டாங்கில் பேருந்து ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்ததும், என் மனம் அந்தத் தாளைத்தான் நினைத்தது. தமிழில் எழுதிய தாள். தலைமை அலுவலகத்தில் அதைப் படிக்கக்கூடியவர் எவருமில்லை. அவர் அதை மேலே அனுப்பப் போவதில்லை, என் வேலை போகாது. அவருடைய மாற்றலை ரத்துசெய்யக் கோரி நானே ஒரு கடிதம் எழுதலாம் என்ற எண்ணமும் வந்தது, போனது. வயல்கள் பின்னால் ஓடின. குரூன் வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன். சுங்கை பட்டாணியில் கண்டக்டர் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.